ஆட்டத்துக்கு முந்திய ஆட்டம்

கல்யாண வீட்டிலே சகனைச் சுற்றி அமர்ந்து, வயிறார உண்டு, "சாப்பாடு மெத்த நன்று" என்று வாழ்த்திவிட்டு எழுந்து போவோர் ஊர் முழுவதும் உளர். முதல்நாள் இரவே பின்வளவுக்குச் சென்று, வெங்காயம் உரிப்போரின் கண்ணீரையும், கிடாரத்தின் அடியிலே விறகை முன்னும் பின்னும் தள்ளித் தீயை அளந்து வைக்கும் சமையற்காரரின் கைப்பக்குவத்தையும் பார்த்து வருவோர் வெகு சிலரே. அச்சிலருக்கு மறுநாட் சோற்றிலே மற்றவர்க்குக் கிட்டாத ஒரு சுவை கிட்டிவிடுகின்றது. நாவுக்குத் துணையாக அறிவும் அமர்ந்து உண்ணும் சுவை அது.

உதைபந்தாட்ட இரசிகர் கூட்டத்தையும் இவ்வாறே இரு பிரிவாக வகுக்கலாம். போட்டி நாளன்று வந்து, கோல் விழும்போது துள்ளிக் குதித்து, விழாதபோது நடுவரை ஏசிவிட்டு வீடு திரும்புவோர் முதற் பிரிவினர். நம்மிற் பெரும்பாலோர் இப்பிரிவைச் சேர்ந்தவர்களே. மற்றைப் பிரிவினரோ கிண்ணமும் இல்லாத, கரகோஷமும் இல்லாத, கோல் எத்தனை என்று எவரும் எழுதி வைக்காத பயிற்சியைத் தேடிச் சென்று பார்ப்பவர்கள். "இதிலே பார்ப்பதற்கு என்ன இருக்கின்றது?" என்று முதற் பிரிவினர் அவர்களைக் கேட்பதுண்டு. அக்கேள்விக்கு இயன்ற அளவு விடை கூறுவதே இவ்வாரத்து எமது முயற்சி.

பழக்கத்தைப் பார்க்கப் போகும் வழக்கம் நமக்குப் புதியதொன்றன்று. மட்டக்களப்புக் கிராமங்களிலே நாட்டுக்கூத்து அரங்கேறும் இரவுக்குப் பல மாதங்கள் முன்னதாகவே களரியிலே பழக்கம் தொடங்கிவிடும். சட்டங் கொடுத்தல், சதங்கை அணிதல், கிழமைக் கூத்து, அடுக்குப் பார்த்தல் என்று அது படிப்படியாக வளரும். அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்தி ஒருவனுடைய தாளக்கட்டைத் திருத்தும்போது, சுற்றி இருக்கும் ஊராரும் கூடவே கற்றுக்கொள்வர். ஆகவே அரங்கேற்ற இரவிலே அரசனாக வந்து ஆடுகின்றவன் எந்த இடத்தில் இடறக்கூடும் என்பது முன்வரிசையில் இருக்கும் கிழவிக்கும் தெரியும். அவன் இடறாது அவ்விடத்தைக் கடந்துவிட்டால், அவள் விடும் பெருமூச்சில் உள்ள ஆனந்தம் அன்றைக்கு மட்டும் வந்தவர்க்கு வாய்ப்பதில்லை.

இனி நமது புத்தளக் கரைக்கு வருவோம். மதுரங்குளியை அடுத்த கனமூலையிலே பிற்பகல் வெயில் தணியத் தொடங்கி, அஸர் தொழுகையும் முடிந்த பின்னரே பந்து வெளியே வரும். மஃரிப் பாங்கு ஒலித்ததும் பந்து நிற்கும். நோன்பு மாதத்திலே இவ்வொழுங்கு மாறும். ஏனைய நாட்களில் இவ்விரு தொழுகைகளுக்கும் இடைப்பட்ட நேரமே இளைஞருடைய பயிற்சி நேரம். இதைவிடச் செம்மையான நேரசூசியை எந்தப் பயிற்றுவிப்பாளராலும் வகுக்க முடியாது. தொடங்கும் வேளையும் முடியும் வேளையும் எவர் விருப்பத்திலும் இல்லை. ஆதலால் இடையிலே வீணாக்குவதற்கு ஒரு நிமிடமும் இல்லை.

இக்கரையிலே பயிற்சிக்கு வரும் மற்றோர் ஆசான் காற்று. வைகாசி முதற் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து கச்சான் ஓயாது வீசும். அதே காற்றை நம்பியே கற்பிட்டிக்கு வெளிநாட்டார் வந்து, பெரும் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் ஏறி நீர்மேற் சறுக்குகின்றனர். நமது பிள்ளைகளுக்கு அக்காற்று வேறொரு பாடத்தைச் சொல்லித் தருகின்றது. காற்றுக்கு எதிராகப் பந்தை உயர்த்தி அடித்தால், அது நடுவானில் நின்று யோசித்துவிட்டு அடித்தவனிடமே திரும்ப எண்ணும். காற்றோடு சேர்த்து அடித்தாலோ, வாங்க வேண்டியவனைத் தாண்டித் தென்னந்தோப்பிலே போய் விழும். எனவே பந்தைத் தரையோடு தரையாக, அருகில் நிற்பவனுக்குக் கொடுத்து வாங்கிப் பழக வேண்டியதாகின்றது. மழை காணாத மாதங்களில் மண் தூசாகப் பறக்கும். புல் இல்லாத இடத்திலே பந்து ஒருமுறை எழும், மறுமுறை எழாது. இத்தகைய தரையிலே முதல் தொடுகையிலேயே பந்தை அடக்கத் தெரிந்தவன், புல்விரித்த மைதானத்துக்குப் போகும்போது பட்டுப்பாயில் நடப்பதுபோல் உணர்வான்.

பயிற்சியைப் பார்க்க முதன்முதலாகச் செல்கின்றவர், அதன் முதற் பகுதியிலே சலிப்படைவது இயல்பு. பந்தே இராது. மைதானத்தைச் சுற்றி ஓட்டம், பின்னர் பக்கவாட்டில் ஓட்டம், பின்னோக்கி ஓட்டம், தசைகளை இழுத்துத் தளர்த்தும் அப்பியாசம். இதன் பொருள் ஆட்டத்தின் இறுதிக் கால்மணி நேரத்திலேதான் விளங்கும். 75 நிமிடம் ஆடிய பின்னரும் ஒருவனுடைய கால் அவன் சொற்கேட்டு நடக்குமானால், அதற்கான கூலியை அவன் இந்த மாலைகளிலே முன்பணமாகச் செலுத்தியிருக்கின்றான்.

அடுத்து வருவது வட்டம். எழுவர் அல்லது எண்மர் வட்டமாக நிற்பர். ஒருவர் அல்லது இருவர் நடுவில் நிற்பர். வெளியே உள்ளவர் ஒரே தொடுகையில், மிஞ்சினால் இரண்டு தொடுகையில், பந்தைக் கைமாற்ற வேண்டும். நடுவில் நிற்பவர் அதைப் பறிக்க வேண்டும். பறிகொடுத்தவன் நடுவுக்குப் போவான். பார்ப்பதற்குச் சிறுவர் விளையாட்டுப்போலத் தோன்றும் இதனையே, 1988 இல் பார்சிலோனாக் கழகத்தின் பயிற்றுவிப்பாளராக வந்த யொஹான் குரூய்ஃப் தமது பயிற்சியின் உயிர்நாடியாகக் கொண்டார். இதைச் சிறிது நேரம் உற்றுப் பாருங்கள். பந்து யாரிடம் இருக்கின்றது என்று பாராமல், பந்து இல்லாதவர்கள் என்ன செய்கின்றார்கள் என்று பாருங்கள். நல்ல வீரன் பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே இருபுறமும் கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிடுகின்றான். மற்றவன் பந்து வந்த பின்னரே யோசிக்கத் தொடங்குகின்றான். இருவருக்கும் கால் வலிமை ஒன்றாக இருக்கலாம். வேறுபாடு கழுத்திலே இருக்கின்றது. போட்டியின் ஆரவாரத்தில் இதனை எவரும் காண்பதில்லை.

பிறகு பயிற்றுவிப்பாளரின் ஊதல் ஒலிக்கும். எல்லோரும் நின்ற இடத்திலேயே நிற்பர். அவர் ஒருவனைத் தோளிற் பிடித்து மூன்று முழம் நகர்த்தி நிறுத்துவார். அம்மூன்று முழத்திலே முழு ஆட்டமும் மாறிவிடும். அடைபட்டிருந்த பாதை திறக்கும். திறந்திருந்த பாதை அடைபடும். ஒரு மூலை உதையைப் பத்துத் தடவை அடிக்கச் சொல்வார். ஒன்பதாவது தடவை சரியாக வந்தாலும் பத்தாவதையும் அடிக்கச் சொல்வார். கணித ஆசிரியர் ஒருவர் இதனைப் பார்த்தால், தம் வகுப்பறையை நினைந்து புன்முறுவல் செய்வார்.

கணித ஆசிரியர் என்றதும், பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து உதைபந்தாட்டப் பயிற்றுவிப்பாளரான ஒருவரை இங்கு நினைவுகூர்தல் தகும். ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம் அவர்களே அவர். 1950 இல் ஹைதராபாத் நகரப் பொலிஸ் அணியின் பயிற்சியைப் பொறுப்பேற்றார். அவ்வணி அவ்வாண்டு முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கிண்ணத்தை வென்றது. இந்திய அணிக்கும் அவரே ஆசானானார். 1952 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலே, வெறுங்காலோடு ஆடிய பலரைக் கொண்ட இந்திய அணி யுகோஸ்லாவியாவிடம் 10–1 என்று தோற்றது. அத்தோல்வியை விதியின்மேற் போட்டுவிட்டு ரஹீம் அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. விடையைப் பயிற்சிக் களத்திலே தேடினார். நான்கே ஆண்டுகளில், 1956 இல் மெல்போர்ணிலே அதே நாட்டு அணி ஒலிம்பிக்கில் நான்காம் இடத்தைப் பெற்றது.

அவர் கையாண்ட முறைகளில் ஒன்றை மாணவர்கள் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். மனிதருக்குப் பெரும்பாலும் ஒரு கால் வலியது, மற்றக் கால் மெலியது. மெலிந்த காலை மறைத்து வைத்துக்கொண்டே பலர் ஆட்டக் காலம் முழுவதையும் கழித்துவிடுவர். ரஹீம் அவர்களோ, மெலிந்த காலால் மட்டுமே பந்தை அடிக்கலாம் என்ற விதியோடு ஹைதராபாத்திலே போட்டிகளை நடத்தினார். பந்தைத் தானே உருட்டிக்கொண்டு ஓடுவதை விலக்கி, உடனே பிறருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்ற விதியோடும் போட்டிகள் நடத்தினார். தனக்கு வராததையே தேடிப் பழகுவதும், தன்னிடம் உள்ளதை உரிய நேரத்தில் பிறருக்கு வழங்குவதும் ஆகிய இரண்டும் பந்துக்கு மட்டுமா உரிய பாடங்கள்? கணக்கிலே வல்ல மாணவன் மாலை முழுவதும் கணக்கையே செய்துகொண்டிருந்து, மொழிப் பாடப் புத்தகத்தைத் தூசு படிய விடுவதை நாம் காண்கின்றோம் அல்லவா?

1962 இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவுக்காக ஹைதராபாத்திலே அவர் நடத்திய பயிற்சி முகாமின் பயன் உலகறிந்தது. முதல் ஆட்டத்திலே தென்கொரியாவிடம் 2–0 என்று தோற்ற இந்திய அணி, இறுதி ஆட்டத்திலே அதே தென்கொரியாவை 2–1 என்று வென்று தங்கப் பதக்கம் பெற்றது. கோலைக் காத்து நின்றவர் பீட்டர் தங்கராஜ். தலையிலே காயமுற்றுத் தையல் போடப்பட்டிருந்த பின்வரிசை வீரர் ஜர்னைல் சிங்கை, முன்வரிசைக்குக் கொண்டுவந்து ஆடவிட்டார் ரஹீம். வெற்றிக்குரிய இரண்டாவது கோலை அடித்தவர் அவரே. ஒரு வீரனைப் போட்டி நாளில் மட்டும் கண்ட ஒருவருக்கு இத்தகைய துணிவு வாராது. எத்தனையோ மாலைகளில் அவனுடைய ஒவ்வோர் அசைவையும் கண்டிருந்த கண்ணுக்கே அது வரும். அப்போது ரஹீம் அவர்களைப் புற்றுநோய் பற்றியிருந்தது. மறு ஆண்டு, 1963 ஜூன் மாதத்தில் அவர் காலமானார். 2024 இல் வெளிவந்த 'மைதான்' என்னும் இந்தித் திரைப்படம் அவருடைய வரலாற்றைத் தழுவியதே.

கடல் கடந்த தேசங்களிலும் பயிற்சி பார்க்கும் வழக்கம் வேரூன்றியிருக்கின்றது. ஐரோப்பாவின் பெருங்கழகங்கள் ஆடி, ஆவணி மாதங்களில் முகாம் அமைத்துப் பழகும்போது, சில நாட்களில் இரசிகரையும் உள்ளே விடுகின்றன. அமெரிக்காவிலே 'ஃபுட்போல்' என்ற பெயரோடு ஆடப்படுவது கையால் எறிந்தும் தாங்கியும் ஆடும் வேறோர் ஆட்டம். ஆயினும் அங்கே கிறீன் பே என்னும் நகரிலே காணப்படும் ஒரு வழக்கம் நம் மனத்தை ஈர்க்கின்றது. ஏறக்குறைய ஒரு இலட்சம் மக்கள் வாழும் சிறு நகரம் அது. அதன் 'பேக்கர்ஸ்' கழகம் எந்தச் செல்வருக்கும் சொந்தமன்று. 1923 முதல் பொதுமக்களே அதன் பங்காளர். இன்று பங்காளர் தொகை ஐந்து இலட்சத்துக்கும் மேல். பங்குக்கு இலாபம் கிடையாது. எங்கள் கழகம் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையே இலாபம். கோடைகாலப் பயிற்சி முகாம் தொடங்கியதும், அந்நகரத்துச் சிறுவர் சிறுமியர் தத்தம் துவிச்சக்கர வண்டிகளோடு வந்து காத்திருப்பர். மலைபோன்ற வீரர்கள் அச்சிறு வண்டிகளில் ஏறி, முழங்கால் நெஞ்சில் இடிக்கப் பயிற்சித் திடலுக்கு மிதித்துச் செல்வர். வண்டிக்குரிய பிள்ளையோ வீரனுடைய தலைக்கவசத்தைச் சுமந்துகொண்டு பக்கத்திலே ஓடும். வின்ஸ் லொம்பார்டி என்னும் புகழ்பெற்ற பயிற்றுவிப்பாளர் காலந்தொட்டு இவ்வழக்கம் நிலவி வருகின்றது. கோடிக்கணக்கிற் சம்பாதிக்கும் வீரனுக்குத் தன் வண்டியை இரவல் கொடுத்த பிள்ளை, அக்கழகத்தை வாழ்நாள் முழுவதும் கைவிடுமா?

பயிற்சி பார்க்கச் செல்வோர்க்குச் சில ஒழுக்கங்கள் உண்டு. முதலாவது, கோட்டுக்கு வெளியே நிற்றல். இரண்டாவது, பயிற்றுவிப்பாளர் பேசும்போது நாம் பேசாதிருத்தல். ஒரு மைதானத்துக்கு ஓர் ஆசான் போதும். மூன்றாவதே தலையாயது: பிழை செய்கின்றவனைப் பார்த்து நகையாதிருத்தல். போட்டியிலே பிழை விட்டால் தோல்வி வரும். பயிற்சியிலே பிழை விட்டால் பாடம் வரும். பிழை விடுவதற்கென்றே ஒதுக்கப்பட்ட இடம் பயிற்சிக் களம். அங்கே ஒருவன் தன் மெலிந்த காலால் அடித்த பந்து வேலியைத் தாண்டிப் போகும்போது, வெளியே நிற்போர் கைகொட்டிச் சிரித்தால், மறுநாள் அவன் வலிய காலால் மட்டுமே அடிப்பான். அச்சிரிப்பிலே ஒரு வீரனுடைய வளர்ச்சி நின்றுவிடும். கையிலே தொலைபேசி இருக்கின்றதென்பதற்காக அவனுடைய சறுக்கலைப் படம் பிடித்து ஊரெங்கும் அனுப்புதல் அதனினும் கொடிது.

இவ்வளவும் கூறிய பின், "பந்து சோறு போடுமா?" என்று பெற்றோர் கேட்பதையும் நாம் ஒதுக்கிவிடுவதற்கில்லை. நேர்மையான விடை இது: நம் நாட்டிலே பந்தை மட்டும் நம்பி வாழ்வோர் மிகச் சிலர். சிறந்த வீரரிற் பலர் இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் முதலிய அணிகளில் இடம் பெற்று அவ்வழியே சம்பளம் பெறுகின்றனர். 2021 இல் 10 கழகங்களோடு சுப்பர் லீக் தொடங்கியபோது, ஆட்டமே தொழிலாகும் என்ற நம்பிக்கை பிறந்தது. அந்நம்பிக்கை நினைத்தபடி வேரூன்றவில்லை. 1995 இல் கொழும்பிலே இந்தியாவை 1–0 என்று வென்று தென்னாசியத் தங்கக் கிண்ணத்தைப் பெற்ற இலங்கை, 2022 இல் உலகத் தரவரிசையிலே இருநூறுக்கும் அப்பால் நின்றது. 2023 ஜனவரியில் பீபா என்னும் உலகச் சம்மேளனம், நிருவாகத்திலே வெளித் தலையீடு உண்டென்று கூறி இலங்கையை இடைநிறுத்தியது; அவ்வாண்டு ஓகஸ்டிலேதான் அத்தடை நீங்கியது. பெரியோரின் பிணக்குக்கு இளையோர் ஓராண்டின் பெரும்பகுதியை இழந்தனர்.

இந்நிலையிலே தம் பிள்ளை பதினாறு வயதை எட்டியதும் பெற்றோர் அஞ்சுவது நியாயமே. சாதாரண தரப் பரீட்சை வருகின்றது. மாலை வகுப்பு வருகின்றது. குடும்பத்திலே தந்தையின் தோளுக்குத் துணை தேவைப்படுகின்றது. வெளிநாட்டுத் தொழிலுக்கு அழைப்பு வருகின்றது. ஒரு நாள் பிள்ளையின் காலணி அலமாரியின்மேல் ஏறிவிடுகின்றது. அவன் ஏன் வரவில்லை என்று மைதானத்திலே இரண்டு நாள் கேட்பர். மூன்றாம் நாள் அவ்விடத்திலே வேறொருவன் நிற்பான். அவ்வாறு நிறுத்தப்படும் பிள்ளைகளிற் பெரும்பாலோரை, அவர்தம் தந்தையர் ஒரு மாலையேனும் பயிற்சியில் வைத்துப் பார்த்ததில்லை. பாராத ஒன்றை நிறுத்துவது எளிது.

அத்தந்தை ஒரு மாலை வந்து பார்த்திருந்தால் எதைக் கண்டிருப்பார்? வீட்டிலே மூன்றுமுறை கூப்பிட்டாலும் எழும்பாத மகன், இங்கே ஊதல் ஒலித்த மாத்திரத்தில் நிற்பதைக் கண்டிருப்பார். ஏசினால் முகத்தைத் திருப்பும் மகன், இங்கே பலர் முன்னிலையிலே திருத்தப்பட்டு, தலையசைத்து, மீண்டும் முயல்வதைக் கண்டிருப்பார். மாற்று வீரனாக ஓரத்தில் இருந்து, அணியிலே இடம் கிடைக்காது என்று அறிந்தும், நாள் தவறாது வந்து பந்து பொறுக்கிக் கொடுக்கும் அயல்வீட்டுப் பிள்ளையையும் கண்டிருப்பார். அப்பிள்ளையின் பெயரைப் போட்டி நாளிலே எவரும் கூவுவதில்லை. ஆயினும் எதிரணியைப்போல நின்று முதலணிக்குப் பயிற்சி கொடுப்பவன் அவனே. வெற்றிக் கிண்ணத்தில் அவனுக்கும் பங்குண்டு என்பதைப் பயிற்சி பார்த்தவர் மட்டுமே அறிவர். படிப்பா, பந்தா என்று வழக்குத் தீர்ப்பதற்கு முன்னர், சாட்சியை ஒருமுறை நேரிற் பார்ப்பது நீதிபதிக்கு அழகு. பார்த்த பின்னர், பரீட்சைக்கு முந்திய மாதங்களிலே பயிற்சி நாட்களைக் குறைக்கலாம். முற்றாக நிறுத்த வேண்டுமா என்பதை மகனோடு கலந்து தீர்மானிக்கலாம். அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தைப் பந்துக்குக் கொடுத்தவனுக்கு, இரவிலே விளக்கின்முன் இருப்பதற்கு வேண்டிய மனவமைதியும் கிட்டக்கூடும்.

பயிற்றுவிப்போரும் கழகத்தாரும் தம் பங்கைச் செய்தல் வேண்டும். உலர்ந்த இக்கரையின் வெப்பத்திலே பிள்ளைகள் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இடைக்கிடை நீர் அருந்தச் செய்தல், நொந்த காலோடு ஆடவிடாமை, பரீட்சைக் காலத்தை மதித்தல் என்பன சிறு காரியங்களே; ஆனால் பெற்றோரின் நம்பிக்கை இவற்றின்மேலேதான் கட்டப்படுகின்றது.

வாசக அன்பர்களே! உங்கள் ஊரிலும் ஒரு மைதானம் இருக்கும்; இல்லையேல் வயல் வெளியோ கடற்கரை மணலோ இருக்கும். இக்கிழமையில் ஒரு மாலை அங்கே சென்று, கோட்டுக்கு வெளியே சிறிது நேரம் நில்லுங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். எவன் வெல்வான் என்று கேளாதீர்கள். நேற்று வராத எது இன்று எவனுக்கு வந்தது என்று பாருங்கள். மஃரிப் பாங்கு ஒலித்து, பந்து பைக்குள்ளே போகும்போது, களைத்து வரும் அப்பிள்ளைகளுள் ஒருவனிடம் "இன்று உன் இடக்கால் நன்றாக வந்தது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். மறுநாள் மாலை, அந்த ஒரு வார்த்தைக்காகவே அவன் பத்து நிமிடம் முந்தி வந்து நிற்பான்.